ரப்பர் செருப்பிலும் பழைய சிடியிலும் லூர் செய்யலாமா?

கேள்வி இதுதான்: "கடலூரில் இருக்கிறேன். நானும் 12 வயதுப் பையனும் கெடிலம் பக்கமும், லீவு கிடைத்தால் புதுச்சேரி சுண்ணாம்பாறு பக்கமும் தூண்டில் ராட் போடுகிறோம். கடையில் ஒரு லூர், அதாவது மீனை ஏமாற்றும் பொய் இரை, 400, 500 ரூபாய் சொல்கிறார்கள். பாலத்துக் கல்லில் சிக்கி அறுந்தால் வயிறு எரிகிறது. பையனுக்கு கிராஃப்ட் வேலையில் ரொம்ப ஆசை. ஃபோம் ஷீட், ஐஸ் குச்சி, ஜிகினா மாதிரி ஃபேன்சி ஸ்டோர் சாமான்களை வைத்து லூர் செய்தால் மீன் கடிக்குமா? எதெல்லாம் வாங்கலாம்?"

கடிக்கும், சந்தேகமே வேண்டாம். ஆனால் எதை வாங்கலாம் என்பதற்கு முன்னால், எதில் காசை மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். லூரின் உடம்பு, கண், வால், நிறம் எல்லாமே வீட்டில் கிடக்கும் பொருளிலும் பத்து இருபது ரூபாய்ச் சாமானிலும் முடிந்துவிடும். தூண்டில் முள், உள்ளே ஓடும் கம்பி, முள்ளை லூரோடு இணைக்கும் சின்ன வளையமான ஸ்ப்ளிட் ரிங் இந்த மூன்றில் மட்டும் கை சுருங்கக் கூடாது. நல்ல கொடுவா ஒன்று அடித்துவிட்டு பாலத்துத் தூணைப் பார்த்து ஓடும்போது, அதன் இழுப்பு மொத்தமும் அந்த மூன்றின் மேல்தான் விழும். அந்த நேரத்தில் முள் நிமிர்ந்தாலோ கம்பி உருவிக்கொண்டு வந்தாலோ மீன் வாயில் முள்ளோடு போய்விடும். நமக்கு ஒரு மீன் நஷ்டம் என்பதைவிட அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

மீன் ஏன் லூரை அடிக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீன் அங்காடியில் கொடுவாவைப் பக்கவாட்டில் பாருங்கள். செவுளுக்கு மேலிருந்து வால் வரை ஒரு கோடு ஓடும். தண்ணீரின் அசைவையும் அதிர்வையும் மீன் அந்தக் கோட்டில்தான் உணர்கிறது. கலங்கல் தண்ணீரிலும் இருட்டிலும் மீன் இரையைத் தேடிப் பிடிப்பதில் அந்தக் கோட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. கூட்டத்தோடு சீராகப் போகும் மடவைக் குஞ்சுகளில் ஒன்று மட்டும் அடிபட்டுத் தள்ளாடினால், அந்தத் தள்ளாட்டம் தனியாகத் தெரிந்துவிடும். கொடுவா பக்கத்தில் வந்து வாயை ஒரே நொடியில் அகலத் திறந்து, தண்ணீரோடு சேர்த்து இரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ராத்திரி பாலத்தடியில் கேட்கும் அந்த 'டொப்' சத்தம் இதுதான். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது லூரின் ஆட்டம். அடுத்தது அது எந்த ஆழத்தில் ஓடுகிறது, மூன்றாவது அதன் அளவு. செதிலைத் தத்ரூபமாக வரைவதெல்லாம் கடைசியில்தான். ஆசையாக வரைவது தப்பில்லை, பையனுக்கு அதுதான் பிடித்த பகுதியாக இருக்கும். ஆனால் நேரத்தை ஆட்டத்துக்கு ஒதுக்கிய பிறகு வரையட்டும்.

உலகம் முழுக்கப் பேர் வாங்கிய ஒரு லூர் கம்பெனியே இப்படி வீட்டுச் சாமானில் தொடங்கியதுதான். பின்லாந்தைச் சேர்ந்த லவுரி ராப்பாலா ஒரு ஏழை மீனவர். பெரிய மீன்கள் கூட்டத்துக்குள் பாயும்போது சரியாக நீந்தாமல் தள்ளாடும் குஞ்சைத்தான் குறிவைக்கின்றன என்று அவர் படகில் இருந்தபடி கவனித்திருக்கிறார். 1936-இல் தக்கையைச் செருப்புத் தைக்கும் கத்தியால் சீவி, சாக்லேட் சுற்றி வரும் ஈயத்தாளை மேலே ஒட்டி, பழைய போட்டோ ஃபிலிமை உருக்கிப் பூச்சாகப் பூசி முதல் லூரைச் செய்தார். அன்றைக்கு அவர் கையில் இருந்ததைவிட நம் கையில் இன்றைக்கு நல்ல சாமான்களே இருக்கின்றன.

சரி, சாமானுக்கு வருவோம். கடலூரில் லாரன்ஸ் ரோட்டுப் பக்கம் ஃபேன்சி, ஸ்டேஷனரி, ஹார்டுவேர் எல்லாம் நடந்தே பார்த்துவிடலாம். ஈயமும் நரம்பும் (தூண்டில் நூல்) முதுநகர் துறைமுகப் பக்கம் வலை சாமான் விற்கும் இடங்களில் கேளுங்கள். புதுச்சேரி வந்தால் காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஒரு சுற்று சுற்றுங்கள். பழைய ஸ்பூன், சிடி, உடைந்த பொம்மை, மணி என்று லூருக்கு ஆகிற சாமான் அங்கே குவிந்து கிடக்கும்.

கண்ணுக்கு பொம்மைக் கண் வாங்க வேண்டாம். ஸ்டிக்கர் பொட்டு போதும். பெரிய வெள்ளை அல்லது சிவப்புப் பொட்டின் மேல் சின்னக் கறுப்புப் பொட்டு ஒட்டினால் அருமையான மீன் கண். மேலே பூச்சு ஏறிவிட்டால் பிரியாது. வாலுக்குச் சேவல் கழுத்து இறகு, உல்லன் நூல், மாலைகளில் தொங்கும் ஜிகினா இழை, பிரித்தெடுத்த பிளாஸ்டிக் சாக்கு இழை எதுவும் ஆகும். கலர் அடிக்க பர்மனென்ட் மார்க்கரும் நெயில் பாலிஷும்.

தெர்மோகோலை மட்டும் கூடையில் போடாதீர்கள். நெயில் பாலிஷ் பட்டாலே கரையும், சூப்பர் குளுவும் அதை அரிக்கும். கரையாமல் எப்படியோ ஒன்றைச் செய்து முடித்தாலும் ஒரு கடியில் உதிர்ந்து, மணி மணியாகத் தண்ணீரில் மிதக்கும். நாம் மீன் பிடிக்கிற ஆற்றில் நாமே அதைக் கொட்டக் கூடாது. வெள்ளைப் பசையும் வேண்டாம், காய்ந்த பிறகும் தண்ணீரில் ஊறினால் இளகும். திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளைப் பார்த்துவிட்டுக் காகிதக்கூழில் செய்யலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. அந்த வேலைப்பாட்டின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு, ஆனால் அது தண்ணீருக்கான பொருள் இல்லை. பூச்சில் ஒரு ஊசித் துளை விழுந்தால் உள்ளே ஊறி உப்பிவிடும்.

ஒட்டுவதற்கு இரண்டு டியூப் கலந்து பூசும் எபாக்சிதான், அதாவது அரால்டைட் வகை. அதிலும் சீக்கிரம் இறுகுவதைவிட மெதுவாக இறுகுவது உறுதியாக இருக்கும். ஃபெவிகுவிக் வகைகள் தற்காலிகமாகப் பிடித்து வைக்க உதவும். காய்ந்தால் மொறுமொறுப்பாகிவிடுவதால் இழுப்புத் தாங்கும் இடத்தில் அதை நம்ப வேண்டாம். கம்பி 1 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்கும் பழக்கம் இதற்குப் பொருந்தாது, ஏனென்றால் இழுத்துக் கடினமாக்கிய நல்ல ஸ்டெயின்லெஸ் கம்பியிலும் காந்தம் லேசாக ஒட்டும். ஒரு துண்டை உப்புத் தண்ணீரில் ஒரு வாரம் போட்டு வைத்துப் பாருங்கள். துரு வராவிட்டால் வேலைக்கு ஆகும்.

முதல் லூராக நான் சொல்வது பழைய ரப்பர் செருப்பில் செய்யும் பாப்பர், அதாவது மிதந்தபடி சத்தம் எழுப்பும் லூர். தண்ணீர் மேலேயே ஓடுவதால் கல்லில் சிக்காது. நீங்கள் சொன்ன வயிற்றெரிச்சலுக்கு அதுவே பாதி மருந்து. தப்பாகச் செய்வதும் கஷ்டம்.

தேய்ந்த ஹவாய் செருப்பின் அடிப்பாகத்தில் ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போடுங்கள். பாதிக்கு மேல் வெளியே தெரிய மிதந்தால் நல்ல செருப்பு. கனமான ரப்பராக இருந்தால் முழுகப் பார்க்கும், அது வேண்டாம். 8 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டு வெட்டி, செருப்பு ஒட்டும் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, கை வைத்தால் ஒட்டாத அளவு காய்ந்ததும் அழுத்தி ஒட்டுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் பிடிக்காது. பிறகு புது பிளேடால் நான்கு மூலைகளையும் சீவி, 120 நம்பர் உப்புத்தாளில் உருட்டி உருட்டித் தேய்த்தால் உருளையாக வந்துவிடும். வால் பக்கம் கொஞ்சம் ஒல்லியாக, முகம் தட்டையாக இருக்கட்டும். பிளேடு வேலை உங்களுடையது, உப்புத்தாள் வேலை பையனுடையது.

இப்போது முகம். பாப்பருக்கு உயிரே அங்கேதான் இருக்கிறது. தடிமனான மார்க்கர் பேனாவின் மூடியில் உப்புத்தாளைச் சுற்றி, முகத்தின் நடுவில் வைத்துத் திருகுங்கள். 4, 5 மி.மீ. ஆழத்துக்கு ஒரு குழி விழும். குழியின் கீழ் உதட்டைவிட மேல் உதடு கொஞ்சம் முன்னால் நீண்டிருந்தால், இழுக்கும்போது தண்ணீரை முன்னால் தள்ளிச் சத்தம் எழுப்பும். குழியே இல்லாமல் தட்டையாக விட்டால் வெறுமனே தெறிக்கும். குழி சரியாக அமைந்த பாப்பர், குறுகிய வாய் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற மாதிரி 'குளுக்' என்று அடிவயிற்றிலிருந்து பேசும். கொடுவா காதுக்கு அந்த 'குளுக்'தான் வேண்டும்.

அடுத்து வயிற்றுப் பக்கம் நீளவாக்கில் நடு வரை பிளேடால் கீறி, கம்பியை உள்ளே படுக்க வைக்க வேண்டும். கம்பி ஒரே துண்டாக இருக்கட்டும். முன்னால் நரம்பு கட்ட ஒரு வளையம், வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று. ஒவ்வொரு வளையத்தையும் குறட்டால் ஐந்து சுற்றாவது முறுக்குங்கள். கடைகளில் மலிவாக விற்கும் சில லூர்களில் வளையத்தைத் தனித்தனி திருகாணியாகச் செருகியிருப்பார்கள், அது ஃபோமில் நிற்காது. கம்பி முழுசாக ஊடே ஓடினால் உடம்பே பிய்ந்து போனாலும் மீன் உங்கள் நரம்பில் இருக்கும். வால் பக்கம் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், வயிற்றோடு ஒட்டி ஒரு சின்ன ஸ்டீல் நட்டையோ ஈயக்குண்டையோ வைத்து, கீறலை எபாக்சியால் நிரப்பிவிடுங்கள். எடை பின்னால் இருந்தால் தூரமாக வீசலாம், தண்ணீரில் நிற்கும்போது வால் தாழ்ந்து முகம் நிமிர்ந்தும் நிற்கும்.

ஈயத்தை வீட்டில் உருக்கி ஊற்றலாமா என்று கேட்காதீர்கள். பையன் இருக்கிற வீட்டில் கூடவே கூடாது. அந்தப் புகையும் தூசியும் உடம்பில் சேரும் விஷம். போதாததற்கு, உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் குண்டு மாதிரி தெறிக்கும். வார்த்த ஈயக்குண்டு கடையிலேயே கிடைக்கிறது.

கண்ணும் கலரும் வைத்து, மேலே மெல்லிய எபாக்சிப் பூச்சு ஒன்று கொடுத்து, ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். காயும்போது அடிக்கடி திருப்பிவிட்டால் பூச்சு ஒரு பக்கமாக வழியாது.

அப்புறம் பக்கெட் சோதனை. இதைச் செய்யாமல் எந்த லூரையும் ஆற்றுக்குக் கொண்டு போகக் கூடாது. 10 லிட்டர் தண்ணீரில் 350 கிராம் கல்லுப்பு போட்டால் கிட்டத்தட்ட கடல் தண்ணீர். உப்புத் தண்ணீர் கனம் அதிகம் என்பதால், குழாய்த் தண்ணீரில் மெல்ல மூழ்குகிற லூர் கடலில் அப்படியே நிற்கலாம், ஏன், மேலே எழும்பக்கூடச் செய்யலாம். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் இறங்கிவிட்டால் கழிமுகத்தில் உப்புக் குறையும், அப்போது வெறும் தண்ணீரில் பார்த்தாலே போதும். முள்ளை மாட்டித்தான் சோதிக்க வேண்டும், முள்ளின் எடையும் கணக்கில் சேரும். லூர் ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தால் எடை நடுவில் இல்லை என்று அர்த்தம். வயிற்றில் சின்ன ஈயத்துண்டு ஒட்டிப் பார்த்து, நேராக நின்றதும் எபாக்சியால் மூடுங்கள். ஓட்டத்தைப் பார்க்க பக்கெட் போதாது, சிமென்ட் தொட்டியோ கிணற்றடித் தொட்டியோ இருந்தால் நல்லது.

இரண்டாவதாகச் செய்ய வேண்டியது ஸ்பூன். இதில் பையனுக்கு வேலை கம்மி, உங்களுக்கு அரை மணி நேர வேலை. வளைந்து போன எவர்சில்வர் டீ ஸ்பூனின் கைப்பிடியை ஹேக்சாவால் அறுத்துவிட்டு, கிண்ணப் பகுதியின் இரண்டு முனையிலும் 2 மி.மீ. துளை போடுங்கள். ஸ்பூனை மரக்கட்டையில் பிடிமானமாக இறுக்கி வைத்து, துளை போடும் இடத்தில் ஆணியால் ஒரு குழி அடித்துக்கொண்டால் டிரில் வழுக்காது. ஓரங்களை அரத்தால் வழவழவென்று ஆக்குங்கள், இல்லாவிட்டால் நரம்பை அறுக்கும். ஒரு துளையில் ஸ்ப்ளிட் ரிங்கும் ஸ்விவலும் (தானாகச் சுழலும் இணைப்பு), மறு துளையில் ஸ்ப்ளிட் ரிங்கும் முள்ளும். ஸ்பூன் சுழலும் என்பதால் ஸ்விவல் இல்லாமல் போட்டால் நரம்பு முறுக்கிக்கொண்டு பாடாய்ப் படுத்தும். அறுத்த கைப்பிடியையும் எறியாதீர்கள், அது ஒல்லியான ஜிக் (மூழ்கும் வகை லூர்) ஆகும். வீசி, மூழ்கவிட்டு, வேகமாக மேலே இழுத்தால் நெத்திலி ஓடுகிற மாதிரி மின்னும். பாறையும் சீலாவும் அதற்கு வரும். ஆனால் சீலாவுக்கும் வஞ்சிரத்துக்கும் பல் பிளேடு மாதிரி, அங்கே நரம்புக்கு முன்னால் ஒரு சாண் ஸ்டீல் கம்பி லீடர் (நரம்புக்கும் லூருக்கும் இடையில் மாட்டும் துண்டு) கட்டாயம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் கொட்டியிருக்கும் கருங்கற்களுக்கு நடுவே ஸ்பூனை மூழ்கவிட்டால் திரும்ப வராது. அங்கே தரையைத் தொடவிடாமல் இழுக்கத் தொடங்குங்கள். இன்னொன்று, அங்கே மாலை நேரத்தில் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஊரே நடந்து போய்க்கொண்டிருக்கும். கூட்டம் இருக்கும் நேரத்தில் வீசவே வீசாதீர்கள், விடியற்காலையில் போங்கள்.

இறகு ஜிக்கைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. நீளக் காம்பு முள்ளின் கண்ணுக்குக் கீழே ஈயக்குண்டைப் பிளந்து இறுக்கி, அதற்குப் பின்னால் சேவல் இறகு நாலைந்தும் ஜிகினா இழை இரண்டும் வைத்து, சாதாரண பாலியஸ்டர் தையல் நூலால் இறுகச் சுற்றி, முடிச்சின் மேல் நெயில் பாலிஷ் விட்டால் வேலை தீர்ந்தது. இழைகள் முள் வளைவைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்கு மேல் நீள வேண்டாம், நீண்டால் மீன் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போய்விடும். இதையே சின்ன முள்ளில் மூன்று நான்கு கட்டி ஒரே நரம்பில் கிளை கிளையாக மாட்டினால் கானாங்கெளுத்தியும் பாறைக் குட்டியும் ஒரே வீச்சில் இரண்டு மூன்று வரும். குழந்தைகளுக்குச் சந்தோஷம் தருவது இதுதான்.

ஐஸ் குச்சி லூர்தான் உங்கள் பையனின் கைக்கு ஏற்றது, கொஞ்சம் பொறுமை வேண்டும். ஐந்து குச்சிகளை அடுக்கி ஒட்டினால் சுமார் 1 செ.மீ. கனமுள்ள கட்டை கிடைக்கும். நடுக் குச்சியை மட்டும் ஒட்டுவதற்கு முன்பே நீளவாக்கில் பிளந்து, நடுவில் இடைவெளி விட்டு வைத்துக்கொண்டால், கம்பி ஓடத் தயாரான வாய்க்கால் உள்ளேயே அமைந்துவிடும். துளை போட வேண்டிய வேலையே இல்லை. வெளி அடுக்குகளைச் சீவி, உப்புத்தாள் போட்டு, மடவைக் குஞ்சு உருவத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்யாண முருங்கை மரத்துண்டு கிடைத்தால் அது இன்னும் லேசு, இன்னும் நன்றாக ஆடும்.

இந்த வகை லூர் ஆடுவதும் ஆழம் போவதும் தாடைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் உதட்டால்தான். அதற்குப் பழைய சிடியைவிட நல்ல பொருள் கிடையாது. சிடி செய்யப்படுவது பாலிகார்பனேட்டில், கனம் 1.2 மி.மீ. வளையும், லேசில் உடையாது. ஆனால் அப்படியே கத்தரிக்கோல் வைத்தால் விரிசல் விடும். கொதித்து இறக்கிய தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, சூடு ஆறுவதற்குள் வெட்டுங்கள். மேலே இருக்கும் வெள்ளிப் பூச்சை அகல டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்தால் உரிந்து வந்துவிடும். உரிந்த அந்த மினுக்கலைச் சின்னச் சின்னதாக வெட்டி உடம்பின் பக்கவாட்டில் ஒட்டினால் செதில். உதட்டைக் கட்டை விரல் நக வடிவத்தில், 15 மி.மீ. அகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு ஹேக்சா பிளேடை ஒன்றாக டேப் சுற்றி அறுத்தால், உதடு நுழையும் அளவுக்குக் காடி விழும்.

எந்தக் கோணத்தில் செருகுவது என்பதுதான் முக்கியம். உதடு கீழ்நோக்கிச் செங்குத்தாக நின்றால் லூர் ஆழம் போகாது, பெரிதாக ஆடும். உடம்போடு ஒரே நேர்க்கோட்டில் முன்னால் நீண்டால் ஆழமாகப் போகும், ஆட்டம் குறையும். கெடிலத்திலும் அரியாங்குப்பம் ஆற்றிலும் பல இடங்களில் ஆழம் குறைவு. அதனால் செங்குத்துக்குப் பக்கமாக, உடம்பின் கோட்டிலிருந்து 60 டிகிரி வாக்கில் வையுங்கள். எடை தலைக்கும் நடுவுக்கும் இடையில், வயிற்றின் அடியில். ஓட்டிப் பார்க்கும்போது லூர் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போனால், முன் வளையத்தைக் குறட்டால் நூலளவு வலது பக்கம் வளையுங்கள். வலது பக்கம் போனால் இடது பக்கம். நூலளவு என்றால் நூலளவுதான், கண்ணுக்குத் தெரிகிற அளவு வளைத்தால் அந்தப் பக்கம் ஓடத் தொடங்கிவிடும். இந்தத் திருத்தம் செய்து லூர் நேராக, இடுப்பை ஆட்டி ஆட்டி வரத் தொடங்கும் நேரத்தில் பையன் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு குச்சி மீனாக மாறுவதைத் தன் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அதற்குப் பிறகு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மரம் எதுவானாலும் தண்ணீர் குடித்து உப்பும், ஆகவே பூச்சு இரண்டு மூன்று முறை. பண்ருட்டி முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் படகுக் கட்டைகளுக்குப் பூசும் வழக்கம் நம் கரையில் உண்டு. கட்டைக்கு அருமையான காப்புதான். ஆனால் தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும், வீட்டில் அதைத் தொட வேண்டாம்.

ஏரிப் பக்கம் விராலுக்குப் போவதாக இருந்தால் தவளை லூர். ஃபோம் ஷீட்டை அடுக்கி ஒட்டி, முட்டை வடிவத்தில் சீவி, இரட்டை முள் மேல்நோக்கி உடம்பை ஒட்டிப் படுத்திருக்கும்படி வையுங்கள். அப்போதுதான் அல்லி இலையிலும் பாசியிலும் சிக்காது. காலுக்கு பலூனை நீள நீளமாக வெட்டிக் கட்டலாம், வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும், மாற்றிக்கொள்ளலாம். விரால் அடித்ததும் உடனே சுண்டாமல், ஒரு மூச்சு விட்டு, நரம்பு இறுகியதும் இழுங்கள். இதில் ஒன்றை நான் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். சிவப்புச் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மேலே வந்து மூச்சு விடுவதைப் பார்த்தால் அங்கே வீசாதீர்கள். தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் இருக்கும், பசிக்காக இல்லாமல் பிள்ளைகளைக் காப்பாற்றவே லூரை அடிக்கும். அவற்றைப் பிடித்துவிட்டால் மொத்தக் குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரை. ஏரிகளில் பெரும்பாலும் மீன்பாசி குத்தகை இருக்கும், குத்தகைக்காரரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஊசுடு ஏரி பறவைகள் சரணாலயம், அங்கே வேண்டவே வேண்டாம். பிச்சாவரம் காடும் வனத்துறையின் கையில் இருக்கிறது.

நிறத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு ரொம்ப எளிது. ஐப்பசி, கார்த்திகையில் பெண்ணையாறும் கெடிலமும் செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டும்போது வெள்ளை, பளீர் மஞ்சள், இல்லாவிட்டால் முழுக் கறுப்பு. கறுப்பு கலங்கல் தண்ணீரில் கீழிருந்து பார்க்கிற மீனுக்கு நிழலுருவமாக எடுப்பாகத் தெரியும், ராத்திரிக்கும் அதுவே சரி. மாசிக்குப் பிறகு தண்ணீர் தெளிந்தால் வெள்ளி வயிறும் பச்சை முதுகும். சிவப்பை ஆழத்துக்கு நம்ப வேண்டாம். தண்ணீருக்குள் முதலில் மங்கிப் போகும் நிறம் அதுதான்.

நரம்பு கட்டும்போது லூரை இறுக்கி முடிச்சுப் போட்டால், நீங்கள் பாடுபட்டுக் கொண்டுவந்த ஆட்டம் பாதி செத்துவிடும். சின்ன வளையம் விட்டு லூப் முடிச்சுப் போடுங்கள், அல்லது சின்ன ஸ்னாப் (திறந்து மூடும் கொக்கி) மாட்டுங்கள். கொடுவாவுக்கு பிரெய்டு லைன் எனும் பின்னல் நரம்பின் முனையில் 40, 50 பவுண்டு லீடர் ஒரு பாகம் நீளத்துக்கு வேண்டும். பல் கூர்மையில்லை என்றாலும் அதன் செவுள் மூடியின் ஓரம் கத்தி. கையை அங்கே விட்டுத் தூக்கவும் கூடாது, பையனுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும் மீன். அதனால் ரொம்பப் பெரிதாகக் கிடைக்கிற ஒவ்வொன்றும் பெரும்பாலும் முட்டையிடும் தாய்தான். வீட்டுக்கு நடுத்தர மீன் போதும் என்றால், பெரியதை ஒரு போட்டோ எடுத்துத் திருப்பி விட்டுவிடுங்கள்.

முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் கொண்டியைப் பையன் பயன்படுத்தும் லூர்களில் குறட்டால் நசுக்கிவிடுங்கள். நரம்பைத் தளர விடாமல் இழுத்தால் கொண்டி இல்லாமலும் மீன் வரும், கையில் குத்தினாலும் வெளியே எடுப்பது சுலபம். கொண்டியோடு முள் சதையில் ஏறிவிட்டால் பிடித்து இழுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், டிடி ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். வீசும்போது இரண்டு பேருக்கும் கண்ணாடி, தொப்பி. அறுந்த நரம்பைக் கரையில் விட்டுவிட்டு வரக் கூடாது. நம் கரைக்குத் தை மாதத்துக்கு மேல் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டையிட வரும், அதன் காலில் நரம்பு சுற்றும்.

கடையில் வாங்கிய மென்மையான ரப்பர் மீன்கள் உங்களிடம் இருந்தால், அவற்றை இந்த ஃபோம் லூர்களோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு இளகி, பசையாகிவிடும். திரும்பி வந்ததும் லூரை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, துரு ஏறிய முள்ளை யோசிக்காமல் மாற்றுங்கள்.

முதல் முறை கடைக்குப் போகும்போது வாங்க வேண்டியது 1 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி, உப்புத் தண்ணீருக்கென்று செய்த டிரெபிள் முள் (மூன்று கொக்கி உள்ளது) 4 நம்பரில் ஒரு பாக்கெட், ஸ்ப்ளிட் ரிங், ஸ்விவல், மெதுவாக இறுகும் எபாக்சி, உப்புத்தாள், ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு. மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கும். செருப்பு பாப்பரை முதலில் செய்து, ஏற்றம் முடிந்து தண்ணீர் வற்றத் தொடங்கும் நேரமாகப் பார்த்து, சாயங்காலம் நோணாங்குப்பம் பாலத்துக்குக் கீழே ஓட்டத்தின் ஓரமாகப் போட்டுப் பாருங்கள். ஓட்டத்தின் நடுவில் வேண்டாம், வேகத் தண்ணீரும் மந்தத் தண்ணீரும் உரசுகிற கோட்டில். இரண்டு 'குளுக்', பிறகு அலை அடங்கும் வரை சும்மா விடுங்கள். பெரும்பாலும் அந்தச் சும்மா விடுகிற நேரத்தில்தான் அடிக்கும்.